ஒன்பது கிலோமீட்டர்

சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது. சுற்று சுற்றென்று சுற்றுகிறது. இஞ்சின் மட்டும் பிடிக்கமாட்டேன் என்கிறது.

பெரியவன் சாவியை விட்டான். காருக்குக் காது கேட்கும் என்பதுபோல, "இன்னிக்குன்னு பாத்து ஏன் உயிரை வாங்குறே?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் திருப்பினான். மறுபடியும் அதே கர்ர்ர். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிகிற நேரத்துக்குத்தான் விட்டிருந்தது. சந்தின் இரண்டு பக்கச் சுவர்களும் ஊறிப்போயிருந்தன. வழக்கமாகச் சந்து முனையில், சமதரையில் நிற்கிற கார், அங்கே தண்ணீர் கட்டிக்கொண்டதால் மேட்டில், மூக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றது.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகளுக்கு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. முதல் இரண்டு தடவைக்கு அவள் கை நிற்கவில்லை. பழைய வண்டி, அதுவும் ஈரக் காலை, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் கிளம்பும். அதற்கப்புறமும் சத்தம் ஓயாததால் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்படியே அடிச்சான்னா பேட்டரியும் படுத்துக்கும்," என்றாள் மாமியார். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் சூடு காட்டிய துணி சுற்றியிருந்தது. மழை வந்தால் அந்த முழங்காலுக்கு அவளைவிட முன்னால் தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் சம்பாதிக்கிறது கார்தான். அண்ணனும் தம்பியும் அதற்கு ஆள் மாற்றி ஆள் ஊழியம் செய்கிறவர்கள். பகலில் பெரியவன் ஓட்டுவான். காலையில் ஆஸ்பத்திரி நர்சுகள் நாலு பேரை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதில் தொடங்கி, சாயங்காலம் வரை கிடைக்கிற சவாரி எல்லாம் அவனுடையது. இருட்டினால் வண்டி சின்னவன் கைக்குப் போகும். ரயில் நிலையம், பஸ் நிலையம் என்று சுற்றிவிட்டு விடியற்காலையில் கொண்டுவந்து நிறுத்துவான். சாவியை அண்ணன் அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்து தூங்குவான். கல்யாணம் ஆகாதவன், தூக்கத்தைக் கேள்வி கேட்க ஆளில்லை.

இரண்டு நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வேறொரு ஊரில் ஏதோ கம்பெனியில் டிரைவர் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று சின்னவனுக்குப் போன் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவன் சொன்னதுதான் தாமதம், பெரியவனுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. "யோசிக்கிறவன் எதுக்கு இங்க இருக்கான்? போறவன் போகட்டும்," என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான். சின்னவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான். அதிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மாமியார் மட்டும், சின்னவன் துணி மடித்து வைக்கிற பெட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாள்.

கார் கிளம்பாத செய்தி சின்னவனையும் எழுப்பிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், அண்ணனிடம் பேசாமல் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். பெரியவனும் அவனிடம் பேசாமல் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

மெக்கானிக்குக்கு அந்தப் பக்கத்தில் பொறுமை என்று பேர். பொறுமைசாலி என்பதால் வந்த பேர் இல்லை. எதிராளி இரண்டு வார்த்தை பேசினால் போதும், "பொறுமை, பொறுமை" என்று கையைக் காட்டுவான். தனக்கு ஒரு ஸ்க்ரூ சுற்றவில்லை என்றால் ஸ்பேனரைத் தூக்கி எறிகிற ஆள். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவன், ஈரத்தில் கால் வழுக்கி, சந்துக்கு ஒரு வசவு வைத்துவிட்டு வேலையில் இறங்கினான்.

"அடி, பாக்கலாம்."

பெரியவன் சாவியைத் திருப்பினான். பொறுமை தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நல்லாத்தானே சுத்துது. அப்ப பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. ராத்திரி மழை. ஒயர் நனைஞ்சிருக்கும். பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு," என்றான் பெரியவன்.

"இருக்கு," என்றான் சின்னவன்.

இரண்டு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அடுப்படி ஜன்னலில் நின்ற மருமகளுக்கு அதைக் கேட்டு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

பொறுமை ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியால் துடைத்தான், வாயால் ஊதினான், திரும்பச் சொருகினான். அடிக்கச் சொன்னான். கர்ர்ர். ஒரு பிளக்கைக் கழற்றினான். அதை ஒயரோடு இஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி அடிக்கச் சொன்னான். பிளக் நுனியில் நீலமாகப் பொறி வெடித்தது.

"பொறி ஜோரா வருது," என்றான். அப்புறம் பிளக்கை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவன் முகம் மாறியது. சின்னவனிடம் நீட்டினான். "மோந்து பாரு."

"ஒண்ணும் வாசனை இல்லையே."

"அதான் விஷயம். காலைலேருந்து இந்த அடி அடிச்சிருக்கீங்க. இந்நேரம் இது பெட்ரோல்ல குளிச்சிருக்கணும். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. மழையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பெட்ரோல் மேல வரலை."

பின் சீட்டில் தலையை வைத்துக்கொண்டு சாவியை மட்டும் போடச் சொன்னான். அடியில் பம்ப் ஙொய்ங் என்று இரண்டு நொடி முனகி நின்றது. பம்ப் ஓடுகிறது, ஆனால் சத்தம் சரியில்லை என்றான். முன்னால் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டுப் பார்த்தார்கள். நாலு குமிழி வந்தது. கூடவே டப்பாவின் அடியைக்கூட நனைக்காத அளவுக்கு ஏதோ துப்பியது.

மருமகள் டீ போட்டு, மூன்று கிளாசைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது அந்த நேரத்தில்தான்.

"பெட்ரோல் இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று பொறுமை மறுபடி கேட்டான். "முள்ளு பாதியைக் காட்டுது."

"அந்த முள்ளை நம்பாதீங்கண்ணே. அது ரொம்ப நாளா பாதியிலயே செத்துக் கிடக்கு," என்றான் பெரியவன். "நாங்க பாக்குறது இந்த ட்ரிப் மீட்டரைத்தான். எவன் போட்டாலும் டேங்கை ரொப்பிட்டு, இந்தப் பொத்தானை அமுக்கி சைபராக்கிடணும். முன்னூறைத் தொட்டா, அப்ப யார் கையில வண்டி இருக்கோ அவன் போடணும். எங்களுக்குள்ள அப்படி ஒரு ஏற்பாடு. வாயால சொல்லிக்கவே வேணாம், பொத்தானே சொல்லிடும். இப்ப இருநூத்திப் பத்துதானே ஆகியிருக்கு. இன்னும் எவ்வளவோ ஓடும்."

மருமகள் டீயை நீட்டாமல் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க வச்சிட்டுப் போ," என்றான் பெரியவன்.

அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்தப் பொத்தானை நேற்றுக் காலையில் அமுக்கியது அவள்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பெரியவன் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தந்தான். கிளட்ச்சை விடு என்று கத்தினான், விடாதே என்று கத்தினான், கடைசியில் பொதுவாகக் கத்தினான். அவள் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். முடியவில்லை என்பது மாமியாருக்கு மட்டும் தெரியும். இரண்டு டிரைவர்களைப் பெற்ற அந்த அம்மாளை, அந்த இரண்டு பேரில் ஒருவன்கூட ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் காரில் கூட்டிப்போனதில்லை. வீட்டுக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே கை வலிக்கும் அவர்களுக்கு. "நீ கத்துக்கோடி. நான் பாத்துக்கறேன்," என்று மருமகளிடம் சொன்னவள் அவள்தான். தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு மருமகள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டாள்.

சின்னவன் தூங்கப் போகிற நேரத்துக்கும் பெரியவன் எழுகிற நேரத்துக்கும் நடுவில், வண்டி சந்து முனையில் சும்மா நிற்கும். கொஞ்ச காலமாக அந்த நேரத்தில் மாமியாரும் மருமகளும் அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். நேற்று முதல் தடவையாகப் பெரிய ரோட்டு ரவுண்டானா வரைக்கும் போவதாகத் திட்டம். அங்கே நடுவில் தண்ணீர் பீச்சுகிற இடம் இருக்கிறது, அதைப் பார்க்கவேண்டும் என்று மாமியார் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பையும் பொத்தானை அமுக்கித்தான் தொடங்குவார், எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்று பார்க்க. அந்த ஞாபகத்தில் அவளும் அமுக்கினாள்.

"என்னத்தடி அமுக்குறே?" என்று பக்கத்து சீட்டிலிருந்து மாமியார் கேட்டாள்.

"நான் ஓட்டுறது எவ்வளவு தூரம்னு பாக்கலாம் அத்தே."

திரும்பி வந்தபோது ஒன்பது என்று காட்டியது. தன் கையால் ஓடிய ஒன்பது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நேற்று முழுக்க வேலைக்கு நடுவில் அந்த எண்ணை நினைத்து நினைத்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டாள். சைபர் என்றால் இந்த வண்டியில் டேங்க் நிறைந்திருக்கிறது என்று பொருளாம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் நடக்கிற ஏற்பாடு, அடுப்படிக்கு யார் வந்து சொல்வார்கள்?

"அத்தே," என்றாள் மெல்ல. "கெட்டது குடி."

நடந்ததைச் சொன்னாள். மாமியாரின் கையில் பீன்ஸ் நின்றுபோனது. திருதிருவென்று விழித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாயைத் திறக்காதே. டேங்க் காலின்னு அவனுங்களே கண்டுபிடிப்பானுங்க. ஊத்துவானுங்க. கிளம்பிடும். முடிஞ்சுது."

"அது எப்படி அத்தே? ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிக்கலை."

"சொன்னா என்ன ஆகும்? நாளைக்குச் சாவியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுப்பான் உன் புருஷன். ஒருநாள்தான் போயிருக்கோம், அந்தத் தண்ணி பீச்சுறதைப் பாக்க. நேத்து அது ஓடக்கூட இல்லை."

உரித்த வெங்காயத்தையே மருமகள் மறுபடி எடுத்து உரித்தாள்.

வாசலில் பொறுமை பின் சீட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். பம்ப்தான் போயிருக்கிறது, மாற்றியாகவேண்டும், இன்றைக்குப் பொழுது இதற்கே போய்விடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பெரியவன் நர்சுகளுக்குப் போன் செய்து, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னான். சீட்டுக்கு அடியில் டேங்கின் வட்ட மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மூன்று பேரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு ஸ்பேனர் பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. கடைசியில் மூடி திறந்தது. பொறுமை டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னண்ணே?"

"என்னன்னு நீயே பாரு. வெறும் தகரம். பின்னாடி ஓரத்துல ஒரு சங்கு அளவுக்குத் தேங்கி நிக்குது. வண்டி மேட்டுல மூக்கைத் தூக்கிட்டு நிக்குதா, இருக்குற சொட்டும் பின்னாடி ஓடிடுச்சு. பம்ப் காத்தைக் குடிச்சிட்டிருக்கு." டார்ச்சை அணைத்தான். "இருக்கு இருக்குன்னு சொன்னீங்களேடா. நானும் அதை நம்பி அரை நாளைத் தொலைச்சேன். முதல்லயே ஒரு குச்சியை விட்டுப் பாத்திருக்கணும்."

பெரியவன் தம்பியைப் பார்த்தான். இரண்டு நாளுக்கப்புறம் நேராகப் பார்த்தான்.

"நீ போடலையா?"

"நான் எங்க போட்டேன்? நீதானே போட்டே."

"நேத்து காலைல நான் வண்டியை எடுக்கும்போது மீட்டர்ல ஒன்பதுதான் இருந்துச்சு. பங்க்லேருந்து வீட்டுக்கு ஒன்பதுதான். ராத்திரி நீ ரொப்பிட்டு வந்திருக்கேன்னுதானே அர்த்தம்?"

"நேத்து சாயங்காலம் நான் வாங்கும்போது நூத்திச் சொச்சம்தான் இருந்துச்சு. பகல்ல நீ ரொப்பியிருக்கேன்னு நெனச்சேன்."

"அப்ப எவனும் போடலை. யாரோ பொத்தானை மட்டும் அமுக்கியிருக்காங்க," என்றான் பொறுமை. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. டீ கிளாசைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் நகர்ந்தான்.

"போகணும்னு முடிவு பண்ணிட்டா நேரா சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே," என்றான் பெரியவன். குரல் உயரவில்லை. அதுதான் உள்ளே நின்றவளுக்குப் பயமாக இருந்தது. "போடாமலே போட்டேன்னு காட்டி என்னை முட்டாளாக்கணுமா?"

"நானா? அந்த வேலையை நானா செய்வேன்?" சின்னவன் பானெட்டை அறைந்து சாத்தினான். "நேத்து மீட்டரைப் பாத்ததும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அண்ணனுக்குக் கோபம் போயிடுச்சு, வாயால சொல்ல வராம எனக்காகப் பெட்ரோல் ரொப்பி வச்சிருக்காருன்னு நெனச்சேன். ராத்திரி முழுக்க அந்த மழையில சந்தோஷமா ஓட்டினேன். அந்தக் கம்பெனிக்காரனுக்கு வரலைன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா..."

"நான் மட்டும் என்ன நெனச்சேனாம்? முறை வர்றதுக்கு முன்னாடியே தம்பி போட்டு வச்சிருக்கான், சமாதானத்துக்கு வர்றான்னுதான் நானும் நெனச்சேன். நேத்து சாயங்காலம் உனக்குப் பிடிக்குமேன்னு ரொட்டிகூட வாங்கிட்டு வந்து வச்சேன்."

"அந்த ரொட்டியை நீயே வச்சுக்கோ."

சின்னவன் விறுவிறுவென்று உள்ளே போனான். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. துணிகள் விழுகிற சத்தம் கேட்டது. மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, வாசற்படிக்கு வந்தாள். பின்னாலேயே பையோடு சின்னவன் வந்தான். தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தான்.

"வண்டி உன்னோடது. இனிமே பொத்தானை நீயே அமுக்கிக்கோ."

"டேய், நில்லுடா," என்றாள் மாமியார். "நான்தான் அமுக்கினேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"துடைக்கும்போது கை பட்டுடுச்சு. தூசியா இருந்துச்சு. துடைச்சேன்."

"நீ எப்பம்மா காரைத் துடைச்சே?" என்றான் பெரியவன்.

"துடைச்சேன்."

"பொத்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கு. டிரைவர் சீட்ல உக்காந்தாத்தான் கை எட்டும். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நீ உள்ள ஏறி உக்காந்து துடைச்சியா?"

பொய்யை இந்த அளவுக்குத்தான் மாமியார் யோசித்து வைத்திருந்தாள், பாவம். சின்னவன் பையைத் தோளில் மாட்டினான். அவளை ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினான்.

மருமகள் வெளியே வந்தாள். கையில் இன்னும் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"நில்லுங்க தம்பி. அமுக்கினது நான்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது. "நேத்து காலைல நான் வண்டியை எடுத்துட்டுப் போனேன். எவ்வளவு தூரம் ஓட்டுறேன்னு பாக்க சைபராக்கினேன். அந்த ஒன்பது நான் ஓட்டினது. உங்க ஏற்பாடு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா அதைத் தொட்டிருக்கமாட்டேன்."

பொறுமை டீ குடிப்பதை நிறுத்திவிட்டான்.

"நீ ஓட்டினியா?" என்றான் பெரியவன்.

"ஓட்டினேன். லைசென்ஸ் இருக்கு. ரொம்ப நாளா ஓட்டுறேன்."

"எங்க?"

"பெரிய ரோட்டு ரவுண்டானா வரைக்கும்."

"அங்க லாரியெல்லாம் வருமே!"

"வந்துச்சு. வழி விட்டேன்."

"தனியாவா போனே?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். பெரியவனும் அம்மாவைப் பார்த்தான். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை, முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்துபோயின.

"நீயுமாம்மா?"

"என்னடா நீயுமா?" மாமியாருக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது. "ரெண்டு டிரைவரைப் பெத்தேன். ஊருல இருக்குறவங்களை எல்லாம் ஏத்திக்கிட்டு எங்கெங்கேயோ போறீங்க. நான் காருல ஏறினதெல்லாம் பின் சீட்ல படுத்துக்கிட்டு, ஆஸ்பத்திரிக்கு. முன் சீட்ல உக்காந்தா ரோடு எப்படி வருதுன்னு இத்தனை வயசுக்கு இவ காட்டித்தான்டா எனக்குத் தெரியும். நீ அவளை ஒரு வார்த்தை சொல்லு, அந்தப் பையை எடுத்துக்கிட்டு நானும் கிளம்புறேன்."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சின்னவனும் பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றான்.

மருமகள்தான் பேசினாள். "பொத்தானை அமுக்கினது நான். தப்புத்தான். ஆனா அதைப் பாத்துட்டு அண்ணன் மாறிட்டாருன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்க. தம்பி மாறிட்டான்னு இவர் சந்தோஷப்பட்டார். அதை நானா அமுக்கினேன்? அது உங்களோடதுதானே?"

"பொறுமை, பொறுமை," என்றான் மெக்கானிக், யாரும் ஒன்றும் சொல்லாதபோதே. "முதல்ல வண்டியை எழுப்புவோம். யாராவது ஒரு கேன் கொண்டாங்க."

கேனை எடுத்தவன் சின்னவன். பையைத் தோளிலிருந்து இறக்கி ஈரத்தில் வைக்கப் பார்த்து, அப்புறம் யோசித்துப் படியின் மேல் வைத்தான். பொறுமையின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய்வந்தான். அதற்குள் பிளக்கையும் பெட்ரோல் குழாயையும் மாட்டி, டேங்கின் மூடியை இறுக்கி, சீட்டைத் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். கேனிலிருந்து ஊற்றினார்கள். சாவியைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, பம்ப் பெட்ரோலை இழுக்க விட்டார்கள். ஙொய்ங் என்ற முனகல் மெல்ல மெல்லத் தடித்தது. "இப்பத்தான் குடிக்குது," என்றான் பொறுமை. அப்புறம் அடித்தார்கள். சுற்றியது, இருமியது, ஒரு தடவை குலுங்கி, பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் வெள்ளைப் புகை சந்தை நிறைத்தது.

பெரியவன் இறங்கினான். டிரைவர் கதவைத் திறந்தே விட்டான்.

"பங்குக்குப் போய் ரொப்பணும். ஏறு," என்றான் மனைவியிடம்.

அவள் வழக்கம்போல அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள்.

"அங்க எங்க போறே? அது அம்மா சீட்டு."

அவன் பின் கதவைத் திறந்து, இப்போதுதான் திரும்பப் பொருத்திய சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தன் காரின் பின் சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. முழங்கால் இடித்தது. இவ்வளவு நெருக்கடியாகவா இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டான். மாமியார் முன் சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். மருமகள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், மேட்டிலிருந்து பின்னோக்கி மெல்ல இறக்கினாள். சந்து திரும்புகிற இடத்தில் பெரியவன் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்தினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் அன்றைக்குச் செய்த பெரிய வேலை அதுதான். வண்டி எங்கும் உரசவில்லை.

பங்கில் டேங்க் நிறைந்ததும் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"இப்ப அமுக்கு. இதுக்குத்தான் அந்தப் பொத்தான். தெரிஞ்சுக்கோ."

அமுக்கினாள். சைபர். வருகிற வழியில் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னது யார் என்று கேட்கவேண்டியதே இல்லை. தண்ணீர் அன்றைக்கும் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது பை படியில் இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டானா, உள்ளே வைத்தானா என்று பார்க்க மாமியாருக்குத் தைரியம் வரவில்லை. சின்னவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் கதவு திறந்து, அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோதுதான் அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தாள். மேசையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தையும் காணவில்லை.

மறுநாள் விடியற்காலை மருமகள் அடுப்படியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். போவதா வேண்டாமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. மாமியார் செருப்பைப் போட்டுக்கொண்டு இருட்டில் தயாராக நின்றாள். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம். பிறகு நடை. வழக்கமாக நேரே ஆணிக்குப் போகிற அந்த நடை, அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"தொண்ணூத்தஞ்சு. சமதரையிலதான் வச்சிருக்கேன்." ஜன்னல் திட்டில் சாவியை வைத்தான். "அந்தக் கம்பெனிக்காரன் ராத்திரி கூப்பிட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"டேங்க் ரொம்பியிருக்கு, இப்ப வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டான். மருமகள் சாவியை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்துக் கூடத்தைத் தாண்டும்போது, பெரியவன் அறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எத்தனையில நிக்குதாம்?"

"தொண்ணூத்தஞ்சுங்க."

போர்வைக்குள் அவன் கொஞ்சம் கணக்குப் போட்டான்.

"இருக்கு," என்றான். "போயிட்டு வாங்க."